பொதுப் பூங்காக்களில் பூக்களைப் படமெடுப்பதும் பெயர் கண்டுபிடிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி தாவரவியல் பூங்கா, குன்னூர் சிம்ஸ் பூங்கா, கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா, சென்னை செம்மொழிப் பூங்கா, இலங்கையில் பேராதனைத் தோட்டம் என்று போய்வந்து, கைநிறையப் படங்களை வைத்துக்கொண்டு "இது என்ன பூ?" என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். போனில் எடுப்பவருக்கும், மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவருக்கும் பெரும்பாலான பதில்கள் பொதுவானவை.

பூ தெளிவாக விழுந்திருக்கிறது. அப்படியும் ஏன் பெயர் சொல்ல முடியவில்லை என்கிறார்கள்?

படத்தில் பூ மட்டும்தான் இருக்கிறது, அதனால்தான். நிறமும் இதழும் நம் கண்ணை இழுப்பவை. ஆனால் ஒரு செடியை இன்னொன்றிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் இலை தண்டில் அமைந்திருக்கும் விதம், புல்லிவட்டம் (பூவின் அடியிலுள்ள பச்சை உறை), சூற்பை (பிறகு காயாகும் பகுதி) இருக்கும் இடம், காய் ஆகியவைதான். பின்னணியை மங்கலாக்கி எடுத்த அழகான படத்தில் இவை எல்லாமே அழிந்துபோகின்றன. போனில் போர்ட்ரெய்ட் முறையில் எடுத்தால் இன்னும் மோசம். மென்பொருள் மகரந்தத் தாள்களின் நுனியைக்கூடப் பின்னணி என்று நினைத்து வெட்டிவிடும்.

அழகுக்கு ஒரு படம், அடையாளத்துக்கு ஒரு படம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அடையாளப் படங்களை முதலில் எடுத்து முடித்துவிடுங்கள். வெளிச்சம் மாறினாலும் கூட்டம் வந்தாலும் அவை கையில் இருக்கும்.

ஒரு செடிக்கு எந்தெந்தப் படங்கள் வேண்டும்?

குறைந்தது ஆறு. வரிசை இப்படி இருந்தால் மறக்காது:

1. முழுச் செடி அல்லது மரம், தரையோடு சேர்த்து. மரமா, புதரா, கொடியா என்பது இதில் தெரிய வேண்டும்.
2. தண்டில் இலைகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று காட்டும் படம். ஓரிரு கணுக்களாவது (இலை முளைக்கும் இடங்கள்) தெரிய வேண்டும்.
3. இலையின் அடிப்பக்கம்.
4. பூவின் முகம், நேருக்கு நேர்.
5. பூவின் பக்கவாட்டுத் தோற்றம், காம்பும் புல்லிவட்டமும் தெரிய.
6. காய், மொட்டு, உதிர்ந்த பூ: எது இருக்கிறதோ அது.

மரமானால் பட்டையும் ஒரு படம். பெயர்ப்பலகை இருந்தால் அதுவும் ஒரு படம். ஆனால் அதைச் செடியோடு சேர்த்து ஒரே சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) எடுங்கள். தனியாக எடுத்த பலகை எந்தச் செடிக்கு உரியது என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரியாது.

அளவு தெரிய ஒரு பொருளை வைப்பது நல்லது. ஆறங்குல அளவுகோல் சிறந்தது. இல்லாவிட்டால் 10 ரூபாய் நாணயம். அதன் விட்டம் 27 மி.மீ. விரலை வைத்தால் யார் விரல் என்ற கேள்வி வரும். அளவுகோலை பூவின் தளத்திலேயே பிடிக்க வேண்டும், முன்னாலோ பின்னாலோ பிடித்தால் அளவு பொய்யாகிவிடும்.

படத்தில் வராதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: மணம் உண்டா, உதிர்ந்த இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா, இலை சொரசொரப்பா வழவழப்பா, எத்தனை மணிக்குப் பூ திறந்திருந்தது.

இலையில் எதைப் பார்ப்பது?

முதலில் அடுக்கு. ஒரு கணுவில் ஒரே இலை என்றால் மாற்றிலையடுக்கு. எதிரெதிராக இரண்டு என்றால் எதிரிலையடுக்கு. மூன்றோ அதற்கு மேலோ சுற்றி நின்றால் வட்ட இலையடுக்கு. இந்த ஒன்றே பல குடும்பங்களைக் கழித்துவிடும்.

அடுத்தது தனியிலையா கூட்டிலையா என்பது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கூட்டிலையின் சிற்றிலைகளைத் தனித்தனி இலைகளாக எண்ணிவிடுகிறார்கள். சோதிக்க எளிய வழி உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் கக்கத்தில் மொட்டு இருக்காது. மொட்டு இருக்கும் இடத்திலிருந்து நுனிவரை எல்லாம் சேர்ந்து ஒரே இலை.

பிறகு விளிம்பு (பல் இருக்கிறதா இல்லையா), நரம்பு, காம்பின் அடியில் சுரப்பி அல்லது செதில். இவற்றுக்கு அடிப்பக்கப் படம் போதும்.

மஞ்சள் குழல் பூக்கள் எல்லாம் ஒரே மாதிரி தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

பூங்காக்களில் அதிகம் குழப்புபவை மூன்று: மஞ்சள் அரளி, சொர்ணபட்டி, அலமண்டா. பூவை மறந்துவிட்டு இலைக்குப் போங்கள்.

மஞ்சள் அரளிக்கு (காஸ்கபேலா தெவேஷியா) இலை கத்தி போல ஒடுங்கி நீண்டது. அகலம் ஏறத்தாழ 1 செ.மீ. மட்டுமே, நீளம் 10 முதல் 15 செ.மீ. தண்டைச் சுற்றி மாறி மாறி அமைந்திருக்கும். கிள்ளினால் பால் வரும். பூவின் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கியபடி நிற்கும், முழுதாக விரிவதில்லை. காய் பச்சையாகத் தொடங்கிப் பழுக்கும்போது கறுக்கும், சற்று முக்கோண வடிவம்.

சொர்ணபட்டிக்கு (டெக்கோமா ஸ்டான்ஸ்) இலைகள் எதிரெதிராக, ஒவ்வொன்றும் கூட்டிலையாக, சிற்றிலை விளிம்பில் ரம்பப் பற்களோடு இருக்கும். பால் கிடையாது. பூவின் தொண்டைக்குள் மெல்லிய செந்நிறக் கோடுகளைப் பார்க்கலாம். காய் நீண்டு ஒல்லியாகத் தொங்கும். வெடித்தால் சிறகுள்ள விதைகள்.

அலமண்டாவில் இலைகள் மூன்று நான்காகத் தண்டைச் சுற்றி வட்டமாக நிற்கும். பால் உண்டு. பூ மூன்றிலும் அகன்று திறந்தது, செடி பற்றிப் படரும் இயல்புடையது. காய் முள் முள்ளாக இருக்கும்; ஆனால் பூங்காவில் வளர்ப்பவை காய்ப்பது குறைவு என்பதால் காயை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இந்த மூன்றின் பூவை மட்டும் மேலிருந்து எடுத்த படம் வைத்துக்கொண்டு வாதாடுவது வீண். ஒரு கணு தெரியும் படம் இருந்தால் பத்து விநாடியில் முடிந்துவிடும்.

கோடையில் மஞ்சளாகப் பூக்கும் மரங்கள்?

சரக்கொன்றை, இயல்வாகை, மஞ்சள் கொன்றை மூன்றும் ஒரே சாலையில்கூட நிற்கும். தூரத்திலிருந்தே பிரிக்கலாம். பூங்கொத்து கீழ்நோக்கிச் சரம் சரமாகத் தொங்கினால் சரக்கொன்றை. கொத்து மேல்நோக்கி நிமிர்ந்தால் மற்ற இரண்டில் ஒன்று. அவற்றில் இலை இருமடிக் கூட்டிலையாக, வாகை இலை போலப் பொடிப்பொடியாக இருந்து, மொட்டுகள் துருப்பிடித்த நிறத்தில் தெரிந்தால் இயல்வாகை (பெல்டோஃபோரம்); அதன் இதழ்கள் கசங்கிய துணி போலிருக்கும், காய்கள் செம்புநிறத்தில் தட்டையாக மரமெங்கும் தொங்கும். இலை ஒருமடிக் கூட்டிலையாக, சிற்றிலைகள் சிறிதாகப் பல இணைகளாக இருந்தால் மஞ்சள் கொன்றை (சென்னா சியாமியா).

சரக்கொன்றையின் பூவை நெருங்கி எடுத்தால் ஒரு வேடிக்கை தெரியும். பத்து மகரந்தத் தாள்களில் மூன்று மட்டும் நீண்டு, கொக்கி போல மேல்நோக்கி வளைந்திருக்கும். மற்றவை குட்டை. பக்கவாட்டில் எடுத்தால்தான் இந்த வளைவு தெரியும்; முகத்தை நேராக எடுத்தால் மூன்று கோடுகளாகச் சுருங்கிவிடும்.

காகிதப்பூவில் இதழை எண்ணினேன், மூன்று வருகிறது. சரியா?

அவை இதழ்கள் அல்ல, பூவடிச் செதில்கள். ஒவ்வொரு செதிலின் நடுநரம்பிலும் ஒட்டியபடி ஒரு சின்ன வெள்ளை அல்லது மஞ்சள் குழல் நிற்கும்; அதுதான் பூ. குவியத்தை அந்தக் குழலின் வாயில் வையுங்கள். பாயின்செட்டியாவின் சிவப்பும், ஆந்தூரியத்தின் பளபளக்கும் தட்டும் இதே கதைதான். ஆந்தூரியத்தில் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில்தான் நூற்றுக்கணக்கான நுண்பூக்கள் இருக்கின்றன.

சூரியகாந்தி, சாமந்தி, ஜெர்பரா, டேலியா எல்லாம் பூக்களின் கூட்டம். வெளிச்சுற்றில் நாக்கு போல நீண்டவை கதிர்ப்பூக்கள், நடுவில் இருப்பவை வட்டுப்பூக்கள். இந்தக் குடும்பத்துக்கு முகத்தைவிட முதுகு முக்கியம்: பூத்தலையின் பின்புறத்துப் பச்சைச் செதில்கள் எத்தனை வரிசை, ஒட்டியிருக்கின்றனவா, நுனி மடிந்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுதியை) பிரிப்பார்கள். தலைகீழாக ஒரு படம் கட்டாயம்.

அல்லியா தாமரையா?

இலையைப் பாருங்கள். தாமரை இலைக்கு வெட்டு கிடையாது; காம்பு நடுவில் சேரும்; முதிர்ந்த இலை தண்ணீருக்கு மேலே எழுந்து நிற்கும். அல்லி இலையில் காம்பு வரை ஒரு பிளவு ஓடும், இலை நீரில் மிதக்கும். பூவின் நடுவில் கூம்பு வடிவப் பொகுட்டு நிமிர்ந்திருந்தால் தாமரை. இரவில் மலரும் அல்லியை காலை பத்து மணிக்குப் போய்ப் படமெடுக்க நினைத்தால் மூடத் தொடங்கியிருக்கும். பகலில் மலரும் நீல ஆம்பல், இலங்கையின் தேசிய மலர், எதிர் நேரம்.

குளத்தில் வெயில் பளபளப்பு தொல்லை தந்தால் போலரைசர் வடிகட்டி உதவும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சம் குறையும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

நிறத்தை வைத்துப் பெயர் சொல்லலாமா?

துணைச் சான்றாக மட்டும். ரங்கூன் மல்லி மாலையில் வெள்ளையாக விரிந்து, இளஞ்சிவப்பாகி, பிறகு சிவந்துபோகும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். உண்ணிச்செடியில் புதுப்பூ மஞ்சள், பழையது சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கொத்துக் கொத்தாகத் தெரியும் ஹைட்ரேஞ்சியா, அமில மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகும், காரத்தன்மை கூடினால் இளஞ்சிவப்பாகும். இனம் ஒன்றுதான்.

ரோஜா, செம்பருத்தி, டேலியா: ரகத்தின் பெயர் வேண்டும். எப்படி?

பலகையோ தோட்டக்காரரோ இல்லாமல் கிடைக்காது என்பதுதான் உண்மை. ஊட்டி ரோஜாப் பூங்கா 1995-இல் அமைக்கப்பட்டது. அங்கே ஆயிரக்கணக்கான ரகங்கள். பார்த்தாலே ரகம் சொல்கிறேன் என்பவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். ஒரே நிறத்தில், ஒரே இதழ் எண்ணிக்கையில் பல ரகங்கள் உண்டு.

பலகையில் ஒற்றை மேற்கோள் குறிக்குள் இருப்பது ரகத்தின் பெயர். பேரினத்துக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே பெருக்கல் குறி இருந்தால் அது கலப்பினம். இந்த இரண்டையும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பலகை இல்லையென்றால் "ரோஜா, கலப்பின ரகம்" என்று குறிப்பதே நேர்மையானது.

பெயர்ப்பலகையை அப்படியே நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம், ஆனால் ஒருமுறை சரிபாருங்கள். தவறு நேரும் வழிகள் மூன்று. பழைய செடி பட்டுப்போய் அதே இடத்தில் வேறு முளைத்திருக்கும், பலகை மட்டும் அப்படியே நிற்கும். களை எடுக்கும்போது பிடுங்கிய பலகையை அடுத்த பாத்தியில் செருகியிருப்பார்கள். மூன்றாவது, பெயரே மாறியிருக்கும். காசியா சியாமியா இன்று சென்னா சியாமியா. தெவேஷியா பெருவியானா இன்று காஸ்கபேலா தெவேஷியா. குவிஸ்குவாலிஸ் இண்டிகா இன்று காம்பிரேட்டம் இண்டிகம். பழைய பெயர் இருப்பதைத் தவறு என்று சொல்லக்கூடாது, அது இணைப்பெயர். இப்போது ஏற்கப்பட்ட பெயர் எது என்று பார்க்க, லண்டன் கியூ தோட்டத்தார் இணையத்தில் நடத்தும் உலகத் தாவரப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது.

பலகையில் 'தாயகம்' என்ற வரியையும் படியுங்கள். கோயில்களில் நாம் பார்த்துப் பழகிய நாகலிங்க மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஈழத்தலரிக்குத் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். நாட்டு மரங்களின் புத்தகத்தில் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் பூங்காச் செடிகளில் பலவற்றைக் காண முடியாது.

ஆப் சொன்ன பெயர் சரிதானா?

கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் மூன்றும் பேரினம் வரை நன்றாகவே உதவும். அதற்குக் கீழே போகும்போது, குறிப்பாகப் பூங்காவின் கலப்பினங்களில், தடுமாறும். ஆப் தரும் பெயரை விடையாக எடுக்காமல், சோதிக்க வேண்டிய ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்கு உரிய இலையடுக்கு, இதழ் எண்ணிக்கை, காய் உங்கள் படத்தோடு ஒத்துப்போகிறதா? ஒன்று ஒத்துப்போகாவிட்டாலும் பெயர் தவறு.

பிளான்ட்நெட்டில் ஒரே படத்தைப் போடாமல் பூ, இலை, காய், பட்டை என்று தனித்தனியாகக் குறித்துப் போட்டால் முடிவு தெளிவாக மேம்படும். ஐநேச்சுரலிஸ்ட்டில் பூங்காச் செடியை ஏற்றினால் 'வளர்க்கப்பட்டது' என்ற குறியை மறக்காமல் போடுங்கள். போடாவிட்டால் சென்னைப் பூங்காவில் நட்ட ஒரு பிரேசில் செடி இங்கே இயல்பாக வளர்வதாகப் பதிவாகிவிடும். பரவலை ஆராய்பவர்களுக்கு அது பெரிய தலைவலி.

ஆப் சொன்னதை நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள். இதில் விலக்கே கிடையாது.

போனில் கிட்டப் போனால் மங்கிவிடுகிறது. என்ன செய்வது?

பின்வாங்குங்கள். இப்போதைய போன்களின் முதன்மைக் கேமராவில் உணரி (சென்சார்) பெரிதாகிவிட்டதால் அது நெருக்கமாகக் குவிவதில்லை. இன்னும் கிட்டப் போனால் போன் தானாகவே அகலக்கோணக் கேமராவுக்குத் தாவும். அதில் ஓரங்கள் இழுபட்டிருக்கும், போனின் நிழலும் பூமேல் விழும். 25 முதல் 30 செ.மீ. தள்ளி நின்று 2 மடங்கு பெரிதாக்கி எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது நல்லது. 3 அல்லது 5 மடங்கு தொலைநோக்கி லென்ஸ் உள்ள போனில் அந்த லென்ஸ் பல மாதிரிகளில் அரை மீட்டருக்கு உள்ளே குவியாது. போன் சத்தமில்லாமல் முதன்மைக் கேமராப் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தரும்.

குவியம் பின்னாலிருக்கும் இலையில் போய் உட்காருகிறதா? திரையில் பூவின்மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டுங்கள். மெல்லிய பூவானால் உங்கள் உள்ளங்கையை அதே தூரத்தில் பின்னால் பிடித்துக் குவியச் செய்து, பூட்டிவிட்டு, கையை எடுத்துவிடலாம்.

மேக்ரோ லென்ஸில் எந்தத் துளை?

வாழ்வளவில், அதாவது பூ தன் நிஜ அளவிலேயே உணரியில் விழும் 1:1-இல், ஃபுல் ஃபிரேம் (பெரிய உணரி உள்ள) கேமராவில் துளையை எஃப் 8 வைத்தால் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) தெளிவாக வரும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. பாதியளவில் ஏறத்தாழ 3 மி.மீ. பூவின் முன்னிதழுக்கும் பின்னிதழுக்கும் நடுவே அதைவிட அதிக இடைவெளி இருக்கும் என்பதால் எல்லாம் தெளிவாக வருவது நடக்காத காரியம். துளையை எஃப் 22 வரை சுருக்கினால் ஆழம் கூடும், ஆனால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுக்க மந்தமாகிவிடும். 1:1-இல் பயனுறு துளை ஏறத்தாழ இரு மடங்காகச் சுருங்கிவிடுகிறது, எஃப் 16 என்பது எஃப் 32 போல நடந்துகொள்ளும். அடையாளப் படத்துக்கு எஃப் 8 முதல் 11 வரை போதும்.

துளையைச் சுருக்குவதைவிடக் கோணம் முக்கியம். கேமராவின் முதுகை, நீங்கள் காட்ட விரும்பும் தளத்துக்கு இணையாகப் பிடியுங்கள். செம்பருத்தியின் மகரந்தத் தண்டைக் காட்டவேண்டுமானால் பக்கவாட்டில், தண்டுக்கு இணையாக. முன்னாலிருந்து எடுத்தால் சூல்முடியின் (மகரந்தத்தை ஏற்கும் நுனியின்) ஐந்து உருண்டைகள் தெளிவாக இருக்கும், பின்னாலுள்ள தாள்கள் கரைந்துபோகும்.

100 மி.மீ. லென்ஸை 60 மி.மீ. லென்ஸைவிட விரும்புவதற்குக் காரணம் எட்ட நிற்க முடியும் என்பதுதான். பாத்திக்கு நடுவில் பூ இருக்கும்போது அந்தச் சில செ.மீ. கைகொடுக்கும்.

காற்றில் ஆடுகிறது.

ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் கீழே போக வேண்டாம். ஆடும் பூவுக்கு 1/500. அதற்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 800 அல்லது 1600 தேவைப்பட்டால் தயங்காமல் வையுங்கள். படம் கொஞ்சம் புள்ளிபுள்ளியாக வந்தாலும் பெயர் கண்டுபிடிக்கலாம், அசைந்துபோனால் முடியாது. தொடர்படங்களாக எட்டோ பத்தோ எடுத்து, தெளிவானதை வைத்துக்கொள்ளலாம். திறந்த குடையைக் காற்று வரும் பக்கம் சாய்த்து வைத்தாலே பாதி அடங்கும். பூங்காச் செடியைக் குச்சி நட்டுக் கட்டுவது, கிளிப் போடுவது எல்லாம் வேண்டாம்.

சிவப்புப் பூ ஒரே சிவப்புக் கறையாக விழுகிறது. வெள்ளைப் பூவில் இதழ் நரம்பே தெரிவதில்லை.

இரண்டும் வெவ்வேறு காரணம். சிவப்பில், சிவப்பு ஒளிவழி மட்டும் நிரம்பி வழிகிறது. மற்ற இரண்டும் காலி. மொத்த வெளிச்ச வரைபடம் (ஹிஸ்டோகிராம்) சரியாகவே காட்டும், ஏமாறாதீர்கள். மூன்று நிற வரைபடத்தைத் தனித்தனியாகப் பார்த்து, சிவப்பு வலது ஓரத்தை முட்டாதபடி 0.7 முதல் 1 ஸ்டாப் குறையுங்கள். நாகலிங்கம், செங்காந்தள், சால்வியா, கல்வாழை இவற்றுக்கு இது வழக்கமாகவே தேவைப்படும்.

வெள்ளைப் பூ, கரும்பச்சை இலைகளுக்கு நடுவே சிறிதாக இருந்தால் கேமரா இருட்டை ஈடுகட்டப் பார்த்து வெள்ளையை வெளுக்கும். அங்கும் குறைக்க வேண்டும். அதே வெள்ளைப் பூ சட்டம் முழுக்க நிரம்பினால் கேமரா அதைச் சாம்பலாக்கும், அப்போது 0.7 ஸ்டாப் கூட்ட வேண்டும். கேமராவில் ரா (பதப்படுத்தாத மூல) கோப்பாக எடுத்தால் பிழைக்கு இடம் உண்டு.

நீலமும் ஊதாவும் தனித் தொல்லை. ஜகரண்டா நீலமாகவும் தெரியும், ஊதாவாகவும் தெரியும். வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் பகல்வெளிச்சத்தில், ஏறத்தாழ 5200 முதல் 5500 கெல்வினில் நிறுத்துங்கள். ஒரு சாம்பல் அட்டையையோ வெள்ளைத் தாளையோ பூவுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு திருத்தலாம்.

நடுப்பகல் வெயிலில் வெள்ளைக் குடையை மேலே பிடித்தால் ஒளி பரவி மென்மையாகும். கறுப்புக் குடை வெறும் நிழல் தரும், அதுவும் பரவாயில்லை. நீலக் குடை வேண்டாம். எல்லாப் பூவும் நீலச்சாயம் பூசிக்கொள்ளும்.

நாகலிங்கப் பூவின் உள்ளே எப்படி எடுப்பது?

பூ அடிமரத்திலேயே, தொங்கும் கட்டைக் காம்புகளில் பூப்பதால் கண்மட்டத்தில் கிடைக்கும், அது வசதி. ஆறு தடித்த இதழ்கள், நடுவில் சூற்பையைச் சுற்றி ஒரு வளையமாகக் குட்டைத் தாள்கள், அதன்மேல் பாம்பு படம் விரித்தாற்போல் வளைந்த இன்னொரு தாள்தொகுதி. அந்தப் பாம்புப்படமே வளையத்துக்கு நிழல் போட்டுவிடும். ஏ4 வெள்ளை அட்டையைக் கீழிருந்து 45 பாகையில் சாய்த்துப் பிடித்தால் ஒளி உள்ளே ஏறும். வளையத்தில் குவித்து எஃப் 11. இன்னொரு படம் நேர் பக்கவாட்டில். அதிகாலையில் திறந்த பூ அன்றே உதிர்ந்துவிடும், எனவே காலை ஒன்பதுக்குள் போங்கள். தலைக்கு மேலே காய் தொங்குகிறதா என்று பார்த்து நில்லுங்கள். பீரங்கிக் குண்டு அளவுள்ள காய் விழுந்தால் விளையாட்டில்லை. பேராதனையில் 1901-இல் அன்றைய பிரித்தானிய இளவரசர், பின்னாளைய ஐந்தாம் ஜார்ஜ், நட்ட நாகலிங்க மரம் பார்வையாளர்கள் தவறாமல் நிற்கும் இடம்.

எந்த மாதம், எந்த நேரம்?

நேரம்: பூங்கா திறந்தவுடன். காற்று குறைவு, ஒளி சாய்வு, கூட்டம் இல்லை. சமவெளியில் எட்டரைக்கு மேல் வெயில் கடுக்கும். மலையில் மூடுபனி இருந்தால் வருத்தப்படாதீர்கள். பூவுக்கு அதைவிட நல்ல விளக்கு கிடையாது.

சமவெளியில் இளஞ்சிவப்பு டபேபுயா பிப்ரவரி முதல். சரக்கொன்றையும் பூமருதும் சித்திரை, வைகாசி. மே, ஜூனில் செம்மயிற்கொன்றை. செங்காந்தளும் மரமல்லியும் ஐப்பசி மழைக்குப் பின். பவளமல்லியை விடிவதற்குள் பிடிக்க வேண்டும், பிறகு தரையில்தான். ஊட்டியில் ஏப்ரல், மே முதல் பருவம், செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது. மே மாத மலர்க் கண்காட்சி நாட்களில் பெயர் கண்டுபிடிக்கும் வேலை நடக்காது, சட்டத்துக்குள் ஆட்கள்தான் இருப்பார்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை. 2018-இல் பூத்தது, அடுத்தது 2030.

கண்ணாடி மாளிகைக்குள் போனதும் லென்ஸ் வியர்க்கிறது.

குளிர்ந்த கண்ணாடிமேல் ஈரக்காற்று படுவதால் வருவது. பைக்குள் மூடி வைத்தே 10 முதல் 15 நிமிடம் உள்ளே காத்திருந்து பிறகு திறங்கள். துணியால் துடைத்தால் உடனே மறுபடி படியும். ஏசி காரிலிருந்து சென்னைக் காலைக்குள் இறங்கும்போதும் இதே கதி.

அனுமதி, கட்டணம்?

பல பூங்காக்களில் கேமராவுக்குத் தனிச்சீட்டு உண்டு. முக்காலிக்கும் திருமணப் படப்பிடிப்புக்கும் முன் அனுமதி கேட்பார்கள். ட்ரோன் கொண்டுபோகவே வேண்டாம். கட்டணம் அடிக்கடி மாறும் என்பதால் வாசலில் கேட்டுக்கொள்வதே சரி. பாத்திக்குள் கால் வைக்காதீர்கள்: ஈரமண்ணை மிதித்தால் இறுகி வேர் மூச்சுத்திணறும், தோட்டக்காரர் கோபப்படுவது வெறும் சட்டத்துக்காக அல்ல. பூவைத் திருப்பிப் பார்க்கக் கையால் முறுக்காமல், கேமராவைத் தாழ்த்துங்கள். திரை மடங்கும் கேமராவோ முன்பக்கக் கேமராவோ இதற்கு உதவும்.

தொட்டால் ஆபத்தானவை எவை?

அரளி, மஞ்சள் அரளி, செங்காந்தள், ஊமத்தை, அதன் உறவான தொங்கூமத்தை எல்லாமே நச்சு. படமெடுப்பதால் ஒன்றும் ஆகாது. பாலோ சாறோ பட்டால் கண்ணைத் தேய்க்காமல் கை கழுவுங்கள். குழந்தைகள் உதிர்ந்த விதையைப் பொறுக்குகிறார்களா என்று பாருங்கள், மஞ்சள் அரளிக் கொட்டை குறிப்பாக ஆபத்து.

இத்தனைக்குப் பிறகும் பெயர் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

உதிர்ந்த பூ ஒன்றைத் தோட்டக்காரரிடம் கேட்டு எடுத்துவாருங்கள். புது பிளேடால் நெடுக்காக இரண்டாக வெட்டி, கறுப்புத் துணிமேல் வைத்து அளவுகோலோடு படமெடுங்கள். சூற்பை இதழுக்கு மேலே இருக்கிறதா, கீழே புடைத்திருக்கிறதா என்பது இதில் தெரியும். மூன்றும் ஆறுமாக உறுப்புகள் அமைந்திருந்தால் பெரும்பாலும் ஒருவித்திலை, நான்கும் ஐந்தும் என்றால் இருவித்திலை. இந்த இரண்டு விவரம் இருந்தாலே கேட்கப்படுபவர் குடும்பத்தைச் சொல்லிவிடுவார்.

யாரிடம் கேட்பது? பூங்காவின் தோட்டக்கலை அலுவலர்தான் முதலில். செடி எங்கிருந்து வந்தது என்ற பதிவு அவரிடம் இருக்கலாம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென்மண்டல மையத்திலும், திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்திலும் உலர்மாதிரித் தொகுப்புகள் உண்டு. கேட்கும்போது ஆறு படங்களையும், பூங்காவின் பெயர், தேதி, பாத்தியின் இடம், மணம், பால் பற்றிய குறிப்பையும் ஒன்றாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள்.

பேரினம் வரை மட்டும் தெரிந்தால் அதோடு நிறுத்தி, கோப்பின் பெயரில் அப்படியே எழுதுங்கள்: "பாஹினியா, இனம் தெரியவில்லை, செம்மொழிப் பூங்கா" என்பது போல. காய்க்கும் பருவத்தில் திரும்பப் போய்க் காயையும் எடுத்துக்கொண்டால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.